வீட்டின் இரண்டாவது வாயில்

வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கை ஒன்றிலே, தொடர்மாடியின் மூன்றாம் தளத்தில் நாங்கள் குடியிருக்கிறோம். இரவு ஒன்பது மணியானதும் வாயிற் கதவைப் பூட்டி, தாழ்ப்பாளிட்டு, சாவியை அதற்குரிய இடத்தில் மாட்டிய பின்னரே எனக்கு உறக்கம் வரும். பல்லாண்டுப் பழக்கம் இது. கதவைப் பூட்டுவதில் இத்தனை கருத்தாயிருந்த நான், அதே வீட்டின் மற்றொரு வாயிலை நான்கு ஆண்டுகளாகத் திறந்தபடியே விட்டிருந்தேன் என்பதைச் சென்ற ஆண்டிலே என் பழைய மாணவன் ஒருவனிடமிருந்து தெரிந்துகொண்டேன். ஆசிரியன் மாணவனிடம் பாடங்கேட்ட கதை அது. என்னைப் போன்ற குடும்பத்தினர்க்கும் மாணவர்க்கும் பயன்படலாம் என்று கருதி அதனை இங்கே எழுதுகிறேன்.

அந்த இரண்டாவது வாயில் எதுவெனின், வரவேற்பறையில் தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே பச்சை விளக்குகள் மினுங்க வீற்றிருக்கும் சிறு பெட்டியே. ரவுட்டர் என்பது அதன் பெயர். அது வேலை செய்யும்வரை அதனை யாரும் நினைப்பதில்லை. வேலை செய்யாதபோது அதனை வையாதவரும் இல்லை.

ஐயம் பிறந்த கதை

1990களில், நான் மாணவனாயிருந்த காலத்தில், காலி வீதி நெடுகிலும் தொலைத்தொடர்பு நிலையங்கள் இருந்தன. இலண்டனிலும் கனடாவிலும் உள்ள பிள்ளைகளின் குரலைக் கேட்பதற்காகத் தாய்மார் அங்கே கண்ணாடிக் கூண்டுகளின் முன் காத்திருப்பர். 1995இல் இந்நாட்டில் வணிக இணையச் சேவை தொடங்கிற்று. அந்நிலையங்கள் செய்த வேலையை இன்று வீட்டு மூலையிலுள்ள பெட்டி செய்கிறது. என் மனைவியின் தாயார் எங்களுடன் இருக்கிறார். ரொறன்ரோவிலுள்ள மூத்த மகளுடன் நாள்தோறும் இரவு எட்டு மணிக்கு முகம் பார்த்துப் பேசுவதே மாமிக்கு அன்றைய தினத்தின் பயன்.

சென்ற ஆண்டின் தொடக்கத்தில் அந்தப் பேச்சு இடையிடையே அறுபடலாயிற்று. மகளின் முகம் கட்டங்கட்டமாகச் சிதறும்; குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். அத்துடன், மாதம் முழுவதற்கும் போதிய டேட்டா இருபதாந் திகதிக்குள் தீர்ந்துவிடும். சேவை தரும் நிறுவனத்துக்கு இரு முறை அறிவித்தேன். "எங்கள் பக்கத்தில் குறை இல்லை" என்பதே மறுமொழி.

அப்படியாயின் எம் இணைப்பை யாரோ களவாக உபயோகிக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். மேல்வீட்டிலே உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். கணினியில் வல்லவன், இரவு நெடுநேரம் அவன் அறையில் வெளிச்சம் தெரியும். இதற்கு மேல் எனக்குச் சான்று எதுவும் வேண்டியிருக்கவில்லை! படிக்கட்டில் கண்டால், "என்ன மாஸ்டர், சுகமா?" என்று அன்போடு கேட்பார் அவன் தகப்பனார். நான் தலையை மட்டும் அசைத்துவிட்டு நடக்கத் தொடங்கினேன். இரண்டு மாத காலம் அவ்வாறு நடந்தேன். அதை நினைக்க இன்றும் வெட்கமாயிருக்கிறது.

பெட்டியின் உள்ளே

இந்நிலையில், கொட்டாஞ்சேனையில் வசிக்கும் என் பழைய மாணவன் ஒருவன் சான்றுக் கடிதம் ஒன்று வாங்குவதற்காக வீட்டுக்கு வந்தான். கணினி வலையமைப்பு அவன் தொழில். என் குறையைக் கேட்டுவிட்டு, "சேர், பெட்டியின் உள்ளே பார்த்தீர்களா?" என்றான். திருகாணியைக் கழற்றச் சொல்கிறானாக்கும் என்று எண்ணினேன். அவனோ என் மடிக்கணினியை வாங்கி, இணையத்தளங்களின் பெயரை எழுதும் இடத்தில் 192.168.1.1 என்ற எண்களை இட்டான். சில பெட்டிகளில் இவ்வெண் சற்று வேறுபடும். பெட்டியின் அடியில் ஒட்டிய தாளில் அது அச்சிடப்பட்டிருக்கும்.

இவ்வெண் எங்கள் வீட்டுக்கு மாத்திரம் உரியதன்று. பல கோடி வீடுகளிலே இதே எண் உண்டு. காரணம் இதுதான். இணையத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் முகவரி முறையில் மொத்தம் ஏறக்குறைய 429 கோடி முகவரிகளே அமைய முடியும். உலகின் மைய இருப்பிலிருந்த அவை 2011 பெப்ரவரியில் பகிர்ந்து முடிந்தன. ஆதலால் வீட்டுக்கு ஒரு வெளிமுகவரியை மட்டும் கொடுத்து, உள்ளேயுள்ள கருவிகளுக்கு வேறு உள்முகவரிகளை வழங்கும் முறை வழக்கில் வந்தது. உள்முகவரிகளுக்கென்றே சில எண் தொகுதிகள் ஒதுக்கப்பட்டுள்ளன, 192.168 என்று தொடங்குவன அவற்றுள் அடங்கும். தொடர்மாடிக் காவலாளியை எண்ணிப் பாருங்கள். தபாற்காரர் அறிவது கட்டடத்தின் ஒரே இலக்கத்தை; எந்தக் கடிதம் எந்த வீட்டுக்கு என்பதைக் காவலாளி அறிவார். ரவுட்டர் செய்வதும் அதே பணிதான்.

திரையில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. நான் குறிப்பேட்டைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மாணவன் இரண்டு இடத்திலும் 'அட்மின்' என்று இட்டான். வாயில் திறந்தது.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன் திகைத்து.

"தொழிற்சாலையில் இட்ட சொல், சேர். இதே வகைப் பெட்டிகள் எல்லாவற்றிலும் இதுதான். யாரும் மாற்றுவதில்லை" என்றான்.

ஈண்டு வாசகர்கள் ஒரு வேறுபாட்டைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். ரவுட்டருக்குக் கடவுச்சொற்கள் இரண்டு. வைஃபையில் சேர்வதற்கு நாம் விருந்தினர்க்குச் சொல்லும் சொல் ஒன்று. பெட்டியையே ஆளும் சொல் மற்றொன்று. முன்னது வீட்டுக்குள் நுழையும் அனுமதி. பின்னது வீட்டின் சாவிக்கொத்து. நம்மிற் பலர் முன்னதை மட்டுமே அறிவோம்.

பெட்டிக்குள்ளே ஒரு பட்டியல் இருந்தது. அப்போது இணைந்திருந்த கருவிகள் பதினொன்று. வகுப்பில் வரவுப் பதிவேடு எடுப்பது போல ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கணக்கெடுத்தோம். கைத்தொலைபேசிகள், மடிக்கணினிகள், தொலைக்காட்சிப் பெட்டி எனப் பத்து விடையளித்தன. பதினொன்றாவதற்கு உரியவர் இல்லை. "இதோ அகப்பட்டான் மேல்வீட்டுப் பையன்!" என்று என் மனம் துள்ளிற்று. மாணவனோ அமைதியாக வீட்டுக் கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தான். மாமியின் அறையில் ஒரு சிறு கண்காணிப்புக் கமரா உண்டு. நாங்கள் வேலைக்குச் சென்ற பின் அவர் விழுந்துவிட்டால் அறிவதற்காக வாங்கியது. அதனை அணைத்ததும் பதினொன்றாவது பெயர் பட்டியலிலிருந்து மறைந்தது.

களவெடுத்தவன் எங்கள் வீட்டிலேயே இருந்தான்! அக்கமரா இரவும் பகலும் வெளிநாட்டுச் சேமிப்பகம் ஒன்றுக்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்தது. மாணவர்கள் இக்கணக்கைச் செய்து பார்க்கலாம். விநாடிக்கு ஒரு மெகாபிட் என்பது சிறு அளவே. ஆயினும் எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்; ஆகவே மணிக்கு 450 மெகாபைட்; நாளொன்றுக்கு 10.8 கிகாபைட், முப்பது நாளைக்கு 324 கிகாபைட். மாத டேட்டா இருபதாந் திகதிக்குள் தீர்ந்ததில் வியப்பென்ன?

திறந்து கிடந்த கதவு

நிற்க. டேட்டா போனது சிறு குறை. அதனினும் பெரியது பின்னர் வெளிப்பட்டது. ரவுட்டரின் இயல்பு, உள்ளிருந்து நாம் அழைத்தவற்றின் மறுமொழியை மட்டும் உள்ளே விட்டு, வெளியிலிருந்து தாமாகத் தட்டுவோரைத் திருப்பி அனுப்புவது. ஆனால் 'யூ.பி.என்.பி.' என்றொரு வசதி அதில் உண்டு. இவ்வசதி இயங்கினால், உள்ளேயுள்ள ஒரு கருவி வீட்டுக்காரரைக் கேளாமலே, "எனக்காக ஒரு கதவைத் திறந்து வை" என்று ரவுட்டரிடம் சொல்லலாம். விளையாட்டுகளுக்கும் வேறு சிலவற்றுக்கும் சௌகரியமான ஏற்பாடுதான். ஆனால் எங்கள் கமராவும் அவ்வாறு ஒரு கதவைத் திறக்கச் செய்திருந்தது. அந்தக் கமராவின் கடவுச்சொல்லும் தொழிற்சாலையில் இட்டதே.

மாணவன் இதைச் சொன்னபோது என் மனைவி கதிரையில் அமர்ந்துவிட்டாள். எழுபத்தெட்டு வயது மூதாட்டி படுத்துறங்கும் அறை அது. யாரேனும் பார்த்தார்களா என்பதற்குத் தடயம் எதுவும் இருக்கவில்லை. பார்த்திருக்கவில்லை என்று சொல்வதற்கும் இல்லை.

இது வீண் அச்சமன்று. 2016இல் 'மிராய்' என்னும் கெடுநிரல் உலகெங்கும் பரவிற்று. அதனை ஆக்கியோர் அமெரிக்க இளைஞர் மூவர். அவருள் ஒருவர் பல்கலைக்கழக மாணவர். அந்நிரலில் தொழிற்சாலைப் பெயர்களும் கடவுச்சொற்களுமாக அறுபதுக்குச் சற்று மேற்பட்ட சோடிகள் எழுதப்பட்டிருந்தன. அது இணையத்தில் கமராக்களையும் ரவுட்டர்களையும் தேடித் தட்டி, அச்சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கும்; திறந்தவற்றைத் தன் படையிற் சேர்க்கும். இவ்வாறு திரட்டிய கருவிப்படை கொண்டு 2016 ஒக்டோபர் 21ஆந் திகதி 'டைன்' என்னும் நிறுவனம் தாக்கப்பட்டது. டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் முதலிய பெருந்தளங்கள் பல மணி நேரம் பலருக்கு எட்டாமற் போயின. நிரலை ஆக்கிய மூவரும் 2017 டிசம்பரில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். எந்த வீட்டுக்காரரும் தம் கமரா அப்படையிற் சேவகம் செய்ததை அறிந்திரார்.

இத்தகைய தீங்குகளைக் கண்டே பிரித்தானியா, எல்லாப் பெட்டிகளுக்கும் பொதுவான கடவுச்சொல்லுடன் இத்தகைய கருவிகளை விற்கலாகாது என்று சட்டம் செய்தது. 2024 ஏப்ரல் 29 முதல் அது நடைமுறையில் உள்ளது. நம் வீடுகளில் ஏற்கெனவே உள்ள பழைய பெட்டிகளுக்கோ நாமே காவலர்.

செய்யவேண்டியவை

அன்று மாலை மாணவன் செய்தவற்றை வரிசையாகத் தருகிறேன். எதையும் மாற்றுமுன் ஒவ்வொரு பக்கத்திலும் உள்ளதைக் கைத்தொலைபேசியாற் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தார் இட்ட இணைப்புப் பெயர் முதலியவற்றைத் தொடவேண்டாம். பெட்டியின் பின்புறத்துச் சிறு துளையை ஊசியால் நெடுநேரம் அழுத்தினால் எல்லாம் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும். அப்போது நிறுவனத்தாரின் பதிவுகளும் அழிந்து இணைப்பே நின்றுவிடக் கூடும். அது கடைசி மருந்து.

முதலாவது, பெட்டியை ஆளும் கடவுச்சொல்லை மாற்றுதல். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களைச் சேர்த்தால் நினைவில் நிற்கும். பிறர்க்கு ஊகிக்க அரிதாகும். பிள்ளைகளின் பெயரும் தொலைபேசி எண்ணும் வேண்டா. வெளியிலிருந்து பெட்டியை ஆள உதவும் தொலைநிலை நிர்வாகம் திறந்திருந்தால் அதையும் மூடிவிடுதல் நன்று.

இரண்டாவது, வைஃபையின் மறைகுறி முறை. 'டபிள்யூ.இ.பி.' என்ற பழைய முறையின் பலவீனம் 2001இலேயே வெளிப்பட்டுவிட்டது. அதனைத் தெரிவு செய்யலாகாது. 2004இல் வந்த 'டபிள்யூ.பி.ஏ. 2' அல்லது 2018இல் வந்த 'டபிள்யூ.பி.ஏ. 3' இருத்தல் வேண்டும். பொத்தானை அழுத்தியோ எட்டு இலக்க எண்ணைக் கொடுத்தோ கருவியை இணைக்கும் 'டபிள்யூ.பி.எஸ்.' வசதியை நிறுத்திவிடுக. எட்டு இலக்கம் எனின் பத்துக் கோடி முயற்சி வேண்டுமே என்று தோன்றும். ஆனால் பெட்டி அந்த எண்ணை இரு பாதியாகச் சரிபார்க்கிறது. இறுதி இலக்கமோ முன்னவற்றிலிருந்து கணித்துப் பெறப்படுவது. ஆகவே முற்பாதிக்கு 10,000, பிற்பாதிக்கு 1,000 என 11,000 முயற்சிகளே போதும். இக்குறை 2011 டிசம்பரில் வெளியாயிற்று.

மூன்றாவது, விருந்தினர்க்கு வேறு வலையமைப்பு. வெளிநாட்டு உறவினர் வரும்போதெல்லாம் கடவுச்சொல்லைச் சொல்கிறோம். அவர்கள் போனபின் அதை மாற்றுவதில்லை. பெட்டியில் விருந்தினர் வலையமைப்பு என்ற வசதியிருப்பின் அதற்குத் தனிச் சொல் இடலாம். வந்தவர் முகப்புத் திண்ணையில் இருப்பர்; உள்ளறைக் கருவிகளை அவர்களது கைத்தொலைபேசி காணாது. கமரா போன்றவற்றையும் அத்திண்ணையிலேயே வைத்துவிடலாம். எங்கள் கமராவுக்கு இப்போது புதிய கடவுச்சொல்லும், அசைவு கண்டபோது மட்டும் படம் அனுப்பும் ஒழுங்கும் உண்டு.

நான்காவது, 'டி.என்.எஸ்.' என்னும் பெயர்ப் பதிவேடு. தளத்தின் பெயரை நாம் எழுத, அதற்குரிய எண்முகவரியைச் சொல்லும் தொலைபேசி விவரக்கொத்து இது. எந்த விவரக்கொத்தைக் கேட்பது என்பது ரவுட்டரில் எழுதப்பட்டிருக்கும். அதைக் களவாக மாற்றிவிட்டால், வங்கியின் பெயரை எழுதியவர் வஞ்சகரின் வாசலுக்குப் போய்ச் சேருவார். பிரேசில் நாட்டில் 2011ஆம் ஆண்டு தொடங்கி ஏறக்குறைய 45 இலட்சம் வீட்டு மோடெம்களில் இவ்வாறே நடந்தது. அந்த இடத்திலுள்ள எண்கள் உங்கள் நிறுவனத்தினுடையவைதாமா என்று ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். சிறுவர் உள்ள வீடுகளில், தகாத தளங்களை விலக்கித் தரும் 1.1.1.3 போன்ற பொதுச் சேவைகளையும் இடலாம். முழுக் காவல் அன்றெனினும் ஒரு வேலியாகும்.

ஐந்தாவது, பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்தல். 2016 நவம்பரில் மிராயின் கிளை ஒன்று கடவுச்சொல்லைத் தேடாமல் ரவுட்டர்களின் வேறொரு ஓட்டையைத் தேடி வந்தபோது, ஜேர்மனியில் ஏறக்குறைய 9 இலட்சம் சந்தாதாரரின் இணைப்புத் தடுமாறிற்று. ஓட்டையை அடைப்பது புதிய மென்பொருளே. அத்துடன், தேவையில்லையாயின் யூ.பி.என்.பி. வசதியை நிறுத்துக.

காற்றிலும் நெரிசல்

இவ்வளவு செய்தும் மாமியின் பேச்சு முற்றாகத் தெளியவில்லை. மாணவன் கைத்தொலைபேசியில் பார்த்தபோது எங்கள் வரவேற்பறைக்கு எட்டும் வைஃபைகள் இருபத்தாறு! 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இங்கே நாம் உபயோகிக்கும் பாதைகள் பதின்மூன்று என்று எண்ணிடப்பட்டிருப்பினும், அவை ஒன்றன்மேலொன்று படிந்தவை. ஒன்றையொன்று இடியாதவை என்று பொதுவாகக் கொள்ளப்படுவன 1, 6, 11 ஆகிய மூன்றே. 2, 3 போன்ற இடைப்பாதைகளைத் தெரிபவர் இருபுறத்தார்க்கும் இடைஞ்சல் செய்வர். காலி வீதியில் இரு நிரைகளுக்கு நடுவே முச்சக்கர வண்டி புகுவதற்கு ஒப்பாகும். ஒரே பாதையில் பலர் இருந்தால் ஒருவர் பேசி முடியும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் மிகுதி. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளுக்கு அது ஏற்றது.

ஆனால் அவ்வலை சுவரைக் கடப்பதில் வலிமை குறைந்தது. கொட்டாஞ்சேனையில் தன் வீடு பழைய காலத்து நீண்ட வீடு என்றும், சுவர்கள் தடித்தவை என்றும், அங்கே பின்னறைகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸே எட்டுகிறது என்றும் மாணவன் கூறினான். அவன் பெட்டியை வீட்டின் நடுவே உயரத்தில் வைத்திருக்கிறானாம். எல்லா வீட்டுக்கும் ஒரே மருந்து இல்லை. அவரவர் வீட்டை அறிந்தே அமைக்க வேண்டும்.

மறுநாள் மாலை நான் மேல்வீட்டுக் கதவைத் தட்டினேன். நடந்தது முழுவதையும் தகப்பனாரிடம் சொன்னேன். அவருடைய மகனைச் சந்தேகித்ததையும் மறைக்கவில்லை. அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, "அதுதான் மாஸ்டர் முகங் கொடுக்காமற் போனீர்களோ! உங்களுக்கு உடம்புக்குச் சுகமில்லையாக்கும் என்றல்லவோ நாங்கள் நினைத்தோம்" என்றார். கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாயிருந்திருக்கும்.

பையன் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தன் வீட்டுப் பெட்டியைத் திறந்து காட்டினான். கணினியில் வல்லவன் என்று நான் எண்ணிய அந்த வீட்டிலும் அதே 'அட்மின்'தான்! பாதையைப் பார்த்தோம். எங்களுடையதும் ஆறு, அவர்களுடையதும் ஆறு. மாமியின் பேச்சும் அவனுடைய இணையவழி வகுப்பும் ஒவ்வொரு இரவும் எட்டு மணிக்கு ஒன்றையொன்று காத்து நின்றிருக்கின்றன. எங்கள் பேச்சு அறுந்தபோது அவன் பாடமும் அறுந்திருக்கிறது. நாங்கள் பாதை ஒன்றிற்கும் அவர்கள் பதினொன்றிற்கும் மாறினோம்; கடவுச்சொற்களையும் அப்போதே மாற்றினோம்.

புதிய சொற்களைக் கணக்குக் கொப்பி ஒன்றில் எழுதி அலுமாரியில் வைத்திருக்கிறோம். இருக்குமிடம் என் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தெரியும். மாதத்தின் முதல் ஞாயிறன்று பட்டியலைத் திறந்து கருவிகளின் வரவெடுப்பது இப்போது என் மகளின் பொறுப்பு. நேரம் பத்து நிமிடம் ஆகும். வாசகர்களே, இன்று ஞாயிறு. உங்கள் பெட்டியின் அடியிலுள்ள தாளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.